ஓடுவது வேறு, கிளம்புவது வேறு: அலையியற்றி சில நாள் மட்டும் ஏன் எழுவதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் நாற்றுப் பண்ணைக்கு ஆறு வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் செய்து கொடுத்தேன். நேரத்தைக் கணக்கு வைக்க ஒவ்வொன்றிலும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு) ஒன்று இருந்தது. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் அதே சின்ன வெள்ளிக் குழாய்தான். என் மேசையில் ஆறும் நன்றாக ஓடின. பண்ணைக்குப் போன பிறகு, அவற்றில் ஒன்று மட்டும் சில நாள் காலையில் சுவிட்சைப் போட்டால் எழுந்திருக்கவில்லை. நண்பர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். நானும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், அசைவில்லை. மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் புரோபை, அதாவது அளக்கும் முனையை, கிரிஸ்டலின் காலில் வைத்தேன். உடனே ஓட ஆரம்பித்தது. புரோபை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. மாலை வரை பார்த்தேன், ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. இரவு அணைத்து வைத்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் மௌனம்.

மின்னணுப் பலகைகளோடு பழகியவர்களுக்கு இந்த வகைக் கோளாறு தெரிந்திருக்கும். பார்க்கப் போனால் சரியாகிவிடும், பார்க்காதபோது மறுபடி வரும். ஓடத் தெரிந்த சுற்று, கிளம்ப மட்டும் ஏன் மறுக்கிறது? கிளம்புவதற்கு வேண்டியது ஒன்று, ஓடுவதற்கு வேண்டியது இன்னொன்று என்பதுதான் விடை. பழைய டியூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். எரிந்துவிட்ட பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கையில் எடுத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அது இல்லாமல் முதலில் எரிய வைக்க முடியாது. தானாகவே மின்னலையை உண்டாக்கிக்கொண்டிருக்கும் சுற்றான அலையியற்றியும் அப்படித்தான். ஒரே ஒரு சிக்கல், அதில் ஸ்டார்ட்டர் என்று தனியாக ஒரு பாகம் கிடையாது. கிளம்பும் வேலையையும் ஓடும் வேலையையும் அதே சில பாகங்கள்தான் செய்தாக வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அலையியற்றி படித்தவர்களுக்குப் பார்க்ஹௌசன் நிபந்தனை நினைவிருக்கும். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் பார்க்ஹௌசன் பெயரால் வழங்குவது. பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து அதன் உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். அந்த வட்டத்தை ஒரு முறை சுற்றி வரும்போது சிக்னல் எத்தனை மடங்காகிறதோ அதை லூப் கெயின் என்கிறோம். சுற்றி வந்த சிக்னல் புறப்பட்ட சிக்னலோடு ஒரே கட்டத்தில் சேர வேண்டும், லூப் கெயின் 1 ஆக இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் நிபந்தனை. திருவிழா மைக் செட்டில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்தால் வீல் என்று ஊளையிடுமே, அதுவும் ஒரு அலையியற்றிதான். ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிய ஒலி மைக்குக்குள் போய், பெருக்கியைக் கடந்து, மறுபடி ஒலிபெருக்கிக்கே வருகிறது.

அந்த மைக் செட்டையே இன்னும் கொஞ்ச நேரம் கவனிப்போம். சத்தக் குமிழைக் குறைவாக வைத்திருக்கும்போது ஊளை இல்லை. கொஞ்சம் ஏற்றினால், பேசுபவர் ஒரு சொல்லை முடித்ததும் பின்னால் ஒரு ரீங்காரம் எழுந்து மெல்லத் தேய்ந்து மறையும். லூப் கெயின் 1-க்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு நூல் ஏற்றினால் யாரும் பேசாமலேயே ஊளை தானாகப் பிறந்து வளரும். இப்போது 1-ஐத் தாண்டிவிட்டது. ஊளை வளர்ந்துகொண்டே போய்க் காதைக் கிழிக்கும் அளவில் ஏன் நிற்கிறது? பெருக்கியால் அதற்கு மேல் தர முடியவில்லை, அதன் கூரை இடித்துவிட்டது. அங்கே அதன் உண்மையான பெருக்கம் சுருங்கி, லூப் கெயின் மறுபடி 1-க்கு இறங்கிவிடுகிறது.

பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் 1 என்பது இந்தக் கடைசி நிலையின் கணக்கு. ஊளை ஏற்கெனவே நிலைபெற்ற பிறகு உள்ள கணக்கு. தொடக்கத்திலேயே லூப் கெயின் சரியாக 1 என்று இருந்தால் என்ன ஆகும்? சுற்றுக்குள் இருக்கும் நுண்ணிய இரைச்சல் நுண்ணிய இரைச்சலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். வளராது. வளர வேண்டுமானால் சிறிய சிக்னலுக்கு லூப் கெயின் 1-ஐ விட அதிகமாக இருந்தே தீர வேண்டும். ஆக, ஒவ்வொரு அலையியற்றிக்கும் இரண்டு பெருக்கங்கள் உண்டு: சிக்னல் துளியாக இருக்கும்போது ஒன்று, வளர்ந்து நின்ற பிறகு இன்னொன்று. இரண்டாவதைச் சுற்றே பார்த்துக்கொள்ளும். முதலாவதை வடிவமைக்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுகிறோம் என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இந்த இரண்டு பெருக்கங்களையும் அழகாகக் கையாண்ட ஒரு சுற்று வரலாற்றில் இருக்கிறது. 1939-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்த வில்லியம் ஹியூலெட் தன் ஆய்வேட்டுக்காக வீன் பிரிட்ஜ் அலையியற்றி (மின்தடைகளும் மின்தேக்கிகளும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் வகை) ஒன்றைச் செய்தார். டேவிட் பேக்கர்டுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருளான 200ஏ அதிலிருந்து பிறந்ததுதான். வீன் பிரிட்ஜில் பெருக்கி சரியாக 3 மடங்கு பெருக்க வேண்டும். 3-க்குக் கொஞ்சம் குறைந்தாலும் அலை தேய்ந்து சாகும். கொஞ்சம் கூடினால் வளர்ந்து கூரையில் இடித்துத் தலை தட்டையாகிவிடும். ஹியூலெட், வெளியீட்டைப் பெருக்கம் குறையும்படி திருப்பிக் கொடுக்கும் எதிர்ப் பின்னூட்டத்தில் ஒரு சிறிய மின்விளக்கை வைத்தார். குளிர்ந்த இழைக்கு மின்தடை குறைவு, அதனால் தொடக்கத்தில் பெருக்கம் 3-க்கு மேலே நிற்கும். அலை வளர வளர இழை சூடேறும், மின்தடை கூடும், பெருக்கம் 3-க்கு இறங்கி அங்கேயே நிற்கும். கிளம்பும்போது தாராளம், ஓடும்போது கட்டுப்பாடு. இரண்டையும் ஒரு விளக்கு தானே செய்தது.

இதே சுற்றை இன்று ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பை வைத்துச் செய்கிறவர்கள் 10 கிலோஓம், 20 கிலோஓம் என்று இரண்டு மின்தடைகளைப் போட்டு, 1 + 20/10 = 3, கணக்கு சரி என்று நினைத்துவிடுகிறார்கள். 5 சதவீதப் பிழை கொண்ட மின்தடைகளில் 20 கிலோஓம் 19 ஆகவும், 10 கிலோஓம் 10.5 ஆகவும் அமைந்துவிட்டால் பெருக்கம் 2.8 தான். அது என்றைக்கும் கிளம்பாது. 22 கிலோஓம் போட்டுப் பெருக்கத்தை 3.2 ஆக்கிவிட்டு, அலை வளர்ந்த பின் அதைக் குறைக்க இரண்டு டயோடுகளைச் சேர்ப்பதுதான் சரியான வழி.

சரி, கிரிஸ்டலுக்கு வருவோம். கிளம்பாத அலையியற்றி என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது கிரிஸ்டல் அலையியற்றியாகத்தான் இருக்கும், அதிலும் 32.768 கிலோஹெர்ட்ஸ் தான் அதிகம். அந்த எண் தற்செயலானதல்ல. 32,768 என்பது 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது, 15 முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து அலையியற்றி செய்யலாம் என்று அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேடி 1921-இல் காட்டினார். ஹார்வர்டின் ஜார்ஜ் பியர்ஸ் 1923-இல் அதை எளிமையாக்கினார். இன்று மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்புகளுக்குள்) இருப்பது பெரும்பாலும் அவர் பெயரால் வழங்கும் சுற்றுதான்: ஒரு இன்வெர்ட்டர் (உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும் பெருக்கி, வீட்டு இன்வெர்ட்டர் அல்ல), அதன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே கிரிஸ்டல், இரு பக்கமும் தரைக்கு (சுற்றின் பூஜ்ஜிய முனைக்கு) ஒவ்வொரு மின்தேக்கி.

கிரிஸ்டலை மின்சுற்றின் மொழியில் சொன்னால் ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை மூன்றும் தொடராக இருப்பது போல. அந்த மின்தடைதான் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில், இஎஸ்ஆர் என்று போட்டிருப்பது. குழாய்க்குள் இசைக்கவை வடிவில் ஆடும் குவார்ட்ஸ் கவையின் உராய்வு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் அந்த மின்தேக்கி ஒரு பிகோஃபாரட்டின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே இருக்கும். அப்படியானால் மின்தூண்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுமார் 7,900 ஹென்றி வருகிறது. டியூப் லைட் சோக் ஒன்று சுமார் 1 ஹென்றி. ஆயிரக்கணக்கான சோக்குகளின் மந்தத்தை அரிசி மணி நீளமுள்ள ஒரு குழாய்க்குள் அடைத்து வைத்தது போன்றது இது. இந்த எண்ணை முதல் முறை கணக்கிட்டுப் பார்த்த நாளில்தான் கடிகாரக் கிரிஸ்டல் ஏன் இவ்வளவு சோம்பல் என்று எனக்குப் புரிந்தது.

அசைவில்லாமல் கிடக்கும் கிரிஸ்டலை யார் முதலில் தள்ளுவது? வெப்பமே தள்ளுகிறது. அறை வெப்பநிலையில் எந்தப் பொருளுக்குள்ளும் அணுக்கள் அதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த அதிர்வில் கிரிஸ்டலின் பங்காக ஓடும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரக் கிரிஸ்டலில் அதுவே ஒரு மைக்ரோஆம்பியருக்குச் சற்று மேலே. இரண்டுக்கும் நடுவே சுமார் 20 லட்சம் மடங்கு இடைவெளி. கிளம்புவது என்றால் இந்த 20 லட்சம் மடங்கை ஏறிக் கடப்பது.

எவ்வளவு நேரத்தில் ஏறும் என்பதைப் பெருக்கி எவ்வளவு தாராளமாக ஆற்றல் தருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. கிரிஸ்டலின் மின்தடை ஆற்றலைத் தின்கிறது. பெருக்கி ஆற்றலை ஊட்டுகிறது, அதை எதிர்மறை மின்தடை என்பார்கள். ஊட்டுவது தின்பதைவிட அதிகமானால் அலை வளரும். கிரிஸ்டலின் மின்தடை 50 கிலோஓம், பெருக்கியின் எதிர்மறை மின்தடை அதைப்போல் ஐந்து மடங்காக 250 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 200 கிலோஓம். இந்த மிச்சத்தை வைத்துக் கணக்கிட்டால் அலை ஒவ்வொரு 0.08 விநாடிக்கும் சுமார் 2.7 மடங்காகிறது. 20 லட்சம் மடங்காக இப்படி ஏறக்குறைய பதினான்கரை முறை பெருகியாக வேண்டும். ஆக மொத்தம் ஒரு விநாடிக்குச் சற்று மேல். கடிகாரக் கிரிஸ்டல் எழுவதற்கு ஒரு விநாடி ஆகும் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது இதுதான்.

இப்போது எதிர்மறை மின்தடையை 60 கிலோஓமுக்குக் குறைத்துப் பாருங்கள். 50-ஐ விட 60 அதிகம், ஆகவே நிபந்தனை நிறைவேறுகிறது, தாளில் சரிதான். ஆனால் மிச்சம் 10 கிலோஓம் மட்டுமே. அதே ஏற்றத்துக்கு 23 விநாடி தேவைப்படும். கடிகாரக் கிரிஸ்டல் எழும் என்று 5 விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும் நிரல்கள் பல உண்டு, அவற்றின் பார்வையில் இது செத்த கிரிஸ்டல். கொஞ்சம் வெப்பம் மாறி, பாட்டரி கொஞ்சம் இறங்கி, 60 என்பது 49 ஆனால் என்றைக்குமே எழாது. என் ஆறாவது கருவி இந்த விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த விளிம்புக்கு எப்படிப் போனது? பெருக்கியின் வலிமையை ஜிஎம் என்ற அளவால் சொல்வார்கள். உள்ளீடு ஒரு வோல்ட் மாறினால் வெளியீட்டு மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்பதுதான் அது. கிளம்பக் குறைந்தபட்சம் எவ்வளவு ஜிஎம் வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அதில் சுமை மின்தேக்கம் என்பது கிரிஸ்டலின் கால்களுக்கு வெளியே சுற்றில் இருக்கும் மின்தேக்கம்:

தேவையான ஜிஎம் = 4 × இஎஸ்ஆர் × (6.28 × அதிர்வெண்)² × (கிரிஸ்டலின் சொந்த மின்தேக்கம் + சுமை மின்தேக்கம்)²

சிப்பின் ஜிஎம் இதைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. பரவலாகப் புழங்கும் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் 32.768 கிலோஹெர்ட்ஸ் பெருக்கிக்கு ஜிஎம் குறைந்தபட்சம் வோல்ட்டுக்கு 5 மைக்ரோஆம்பியர். இஎஸ்ஆர் 70 கிலோஓம், சொந்த மின்தேக்கம் 1 பிகோஃபாரட், சுமை 12.5 பிகோஃபாரட் உள்ள கிரிஸ்டலைப் போட்டால் தேவை 2.2. அதாவது 2.3 மடங்குதான் இருக்கிறது. சுமை 6 பிகோஃபாரட் உள்ள கிரிஸ்டலைப் போட்டால் தேவை 0.58-க்கு இறங்கி, எட்டு மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது. அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டிலேயே 12.5 பிகோஃபாரட் கிரிஸ்டலை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடையில் கடிகாரக் கிரிஸ்டல் கொடுங்கள் என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் 12.5 தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மேலே ஒன்றும் எழுதியிருக்காது.

கணக்கில் மின்தேக்கம் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். அதைப் பாதியாக்கினால் தேவை கால்வாசியாகிறது. பெருக்கியை மாற்ற நம்மால் முடியாது, அது சிப்புக்குள் இருக்கிறது. கிரிஸ்டலையும் மின்தேக்கிகளையும் மாற்ற முடியும். கிளம்பாத அலையியற்றிக்கு முதல் மருந்து அங்கேதான் இருக்கிறது.

அதே சிப்பின் 8 மெகாஹெர்ட்ஸ் பெருக்கியில் இந்தப் பிரச்சினை அநேகமாக வருவதில்லை. 80 ஓம் இஎஸ்ஆர் உள்ள சாதாரண கிரிஸ்டலுக்குத் தேவை வோல்ட்டுக்கு 0.23 மில்லிஆம்பியர், இருப்பது 25. நூறு மடங்குக்கு மேல். கடிகாரப் பெருக்கி மட்டும் ஏன் இப்படி நலிந்து கிடக்கிறது? வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். பொத்தான் பாட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால் அதற்கு ஒரு மைக்ரோஆம்பியர் அளவில்தான் மின்னோட்டம் ஒதுக்குகிறார்கள். மின்னோட்டத்தைக் குறைத்தால் ஜிஎம்மும் குறையும். பாட்டரியில் மிச்சம் பிடித்ததைக் கிளம்பும் தெம்பில் கொடுத்துவிடுகிறோம்.

மின்தேக்கி போடுவதில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. டேட்டாஷீட்டில் சுமை 12.5 பிகோஃபாரட் என்றிருந்தால் இரு பக்கமும் 12.5 போடுவதல்ல. கிரிஸ்டலின் பார்வையில் இரண்டு மின்தேக்கிகளும் தொடராக நிற்கின்றன, அதனால் பாதியாகத் தெரியும். அதோடு பலகையின் தடங்களும் சிப்பின் கால்களும் சேர்ந்து 3 பிகோஃபாரட் அளவு தாமாகவே சேர்க்கும். எனவே 12.5-இலிருந்து 3-ஐக் கழித்து இரட்டிப்பாக்கினால் 19 வரும், 18 போடலாம். நானோ பெட்டியில் கையில் சிக்கிய 22-ஐப் போட்டிருந்தேன். நேரம் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்ற நினைப்பு. கிளம்பும் தெம்பையும் அது தின்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்புறம் அந்த புரோப் விஷயம். தொட்டால் ஏன் எழுகிறது? மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால், சிறிய அலைக்கு லூப் கெயின் 1-க்குக் கீழே இருந்தால் தட்டினாலும் தள்ளினாலும் அலை தேய்ந்துதான் போக வேண்டும். ஆனாலும் தொட்டால் எழுந்து, கையை எடுத்த பிறகும் ஓடுகிறதே? இந்தக் கோளாறுக்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைச் சரி செய்வது என்று தெரியும்.

ஒன்று, அது உண்மையில் எழுந்துகொண்டுதான் இருந்தது, மிக மெதுவாக. புரோப் வைத்தபோது கிடைத்த உதை 20 லட்சம் மடங்கு ஏற்றத்தில் பெரும்பகுதியைத் தாண்ட வைத்துவிட்டது. இரண்டு, கிரிஸ்டலின் மின்தடை எல்லா அளவு ஆட்டத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. குவார்ட்ஸின் மேற்பரப்பில் தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட நுண்துகளோ மாசோ இருந்தால், மிகச் சிறிய ஆட்டத்தில் மின்தடை பல மடங்கு கூடிவிடும். ஒரு முறை நன்றாக ஆடிவிட்டால் இறங்கிவிடும், கொஞ்ச காலம் இறங்கியே இருக்கும். நெடுநாள் சும்மா கிடந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்குத் தூங்கும் கிரிஸ்டல் என்றே பெயர். காலையில் எழாமல், ஒரு முறை எழுப்பிவிட்டால் நாள் முழுக்க ஓடும் கருவியைப் பார்த்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் இஎஸ்ஆர் சாதாரண ஆட்டத்தில் அளந்தது என்பதால், இந்தத் தொல்லை அந்த எண்ணில் தெரியாது. ஐந்து மடங்கு மிச்சம் வேண்டும் என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் தொடுவதைவிடக் காலையில் எழாததைப் பற்றியது. சாதாரணமானது, ஆனால் நான் பார்த்தவற்றில் அதிகமானது. இன்வெர்ட்டர் பெருக்கியாக வேலை செய்ய அதன் உள்ளீடு நடு மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும். அதற்காக உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒரு பெரிய மின்தடை, கடிகாரக் கிரிஸ்டலுக்கு 10 மெகாஓம் அல்லது அதற்கு மேல், இருக்கும். பல சிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது. சால்டரிங் செய்தபின் துடைக்காத ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) ஈரக் காற்றில் தண்ணீரை உறிஞ்சி, உள்ளீட்டிலிருந்து தரைக்கு 5 மெகாஓம் கசிவுப் பாதை ஒன்றை உண்டாக்கிவிட்டால் என்ன ஆகும்? வெளியீட்டின் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளீட்டுக்கு வரும். உள்ளீட்டை நடுவில் நிறுத்த வேண்டுமானால் வெளியீடு மின்வழங்கலைப்போல் ஒன்றரை மடங்கு ஏற வேண்டும். அது நடக்காத காரியம். வெளியீடு மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், பெருக்கம் பூஜ்ஜியம். நாற்றுப் பண்ணையில் காலைப்பொழுதில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதியம் காய்ந்ததும் அதே பலகை எழும்.

அப்படியானால் பெருக்கத்தை அள்ளிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. கையில் இருக்கும் 74எச்சி04 இன்வெர்ட்டரை எடுத்துக் கிரிஸ்டலோடு இணைத்தால் அதற்குள் மூன்று அடுக்குப் பெருக்கம் இருக்கிறது. எக்கச்சக்கமான பெருக்கம், கூடவே அடுக்குக்கு அடுக்கு தாமதம். கிரிஸ்டலைப் பொருட்படுத்தாமல் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் தானே கத்த ஆரம்பித்துவிடலாம். ஒரே அடுக்குள்ள 74எச்சியூ04 போன்றதைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். கிரிஸ்டலுக்கும் ஒரு எல்லை உண்டு. கடிகாரக் கிரிஸ்டலால் தாங்கக்கூடியது ஒரு மைக்ரோவாட் அளவுதான். அதற்கு மேல் ஊட்டினால் அதிர்வெண் நகரும், கவை உடையவும் கூடும். வெளியீட்டில் தொடராக ஒரு மின்தடை வைத்து அந்த ஊட்டலைக் குறைக்கலாம், ஆனால் அதுவும் கிளம்பும் தெம்பிலிருந்துதான் கழியும். இரண்டு பக்கமும் வேலி போட்ட பாதை இது.

மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். முறை மிக எளியது. கிரிஸ்டலோடு தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்து, கருவி எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் இன்னும் பெரிய மின்தடை. எழாமல் போகும் வரை ஏற்றிக்கொண்டே போங்கள். கடைசியாக எழுந்தபோது இருந்த மின்தடையையும் கிரிஸ்டலின் இஎஸ்ஆரையும் கூட்டினால் அதுதான் உங்கள் பெருக்கியின் எதிர்மறை மின்தடை. அதை இஎஸ்ஆரால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். ஐந்துக்கு மேல் என்றால் நிம்மதி. மூன்றுக்குக் கீழ் என்றால் இன்றைக்கு ஓடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாட்டரி தீரும் நிலையின் மின்னழுத்தத்திலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், மேசையில் முழு பாட்டரியோடு மட்டும் செய்தால் போதாது.

இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. நானும் பலமுறை அதில் விழுந்திருக்கிறேன். சுவிட்சை அணைத்து உடனே போட்டுப் பார்ப்போம், எழும். மறுபடி அணைத்துப் போடுவோம், எழும். இருபது முறை எழுந்துவிட்டது, நம்பகமானது என்று முடிவு செய்துவிடுவோம். ஆனால் மின்சாரத்தை நிறுத்தியதும் கிரிஸ்டல் நின்றுவிடுவதில்லை. அடித்த கோயில் மணி போல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே சொன்ன 7,900 ஹென்றி, 50 கிலோஓம் கணக்கில், ஆட்டம் முழுவதும் அடங்கி வெப்ப இரைச்சலின் அளவுக்கு வர நான்கரை விநாடி ஆகும். அதற்குள் சுவிட்சைப் போட்டால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கிரிஸ்டலைத்தான் சோதிக்கிறோம், கிளம்புதலை அல்ல. ஒவ்வொரு முறையும் அரை நிமிடமாவது அணைத்து வையுங்கள். தூங்கும் கிரிஸ்டலைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு இரவு முழுக்க, முடிந்தால் சில நாள்.

புரோபைக் கிரிஸ்டலின் காலில் வைக்கவே வைக்காதீர்கள். சாதாரண 10 மடங்கு புரோப் 10 மெகாஓமும் பத்துப் பதினைந்து பிகோஃபாரட்டும் சேர்க்கும். கடிகாரக் கிரிஸ்டலுக்கு அது பெரிய பாரம். ஓடுவதை நிறுத்தலாம், நின்றதை ஓட வைக்கலாம், இரண்டும் பார்த்திருக்கிறேன். சிப்பின் வேறொரு காலுக்கு அந்தத் துடிப்பை நிரல் வழியே அனுப்பி அங்கே அளப்பதுதான் சரி. பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்களில் இந்த வசதி உண்டு.

சுற்றில் ஒரு குறையும் இல்லாமல் எழாத கிரிஸ்டல்களும் உண்டு. டிஎஸ்1307 என்ற கடிகாரச் சிப்பில், முதல் பதிவேட்டின் (சிப் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தின்) ஏழாவது பிட் 1 ஆக இருந்தால் அலையியற்றி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது அது அப்படித்தான் இருக்கலாம். நிரல் அதை 0 ஆக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கிரிஸ்டலைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் பதிவேட்டைப் படித்துப் பாருங்கள்.

கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நேரம் சார்ந்த சாதாரண சிமுலேஷனில் வெப்ப இரைச்சல் கிடையாது. எல்லாம் சரிசமமாக நின்றால் அலையியற்றி அசையவே அசையாது, சுற்று தவறு என்று தோன்றும். மின்வழங்கலைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றினாலோ ஒரு மின்தேக்கிக்குத் தொடக்க மின்னழுத்தம் கொடுத்தாலோ எழுந்துவிடும். ஆனால் அப்படி எழுந்ததை வைத்து நிஜத்திலும் எழும் என்று சொல்ல முடியாது. அலை வளர்கிறதா தேய்கிறதா, வளர்ந்தால் எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பதைப் பார்ப்பதுதான் பயனுள்ள கேள்வி.

கிரிஸ்டல் இல்லாத எளிய சுற்றுகளிலும் இந்தக் கிளம்பும் சிக்கல் உண்டு. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்து மாறி மாறி மின்னும் எல்இடி சுற்று செய்வார்கள். மின்சாரத்தைச் சட்டென்று கொடுத்தால் ஓடும். சூரியப் பலகையில் விடியற்காலை மெதுவாக ஏறும் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து அப்படியே நின்றுவிடலாம். இரண்டும் முழுதாகத் திறந்த நிலையில் பெருக்கம் இல்லை, அதனால் அங்கிருந்து தானாக வெளியே வரவும் வழியில்லை. இரண்டு கலெக்டர்களிலிருந்தும் டயோடு வழியே ஒரு பொது முனைக்கு எடுத்து, பேஸ் மின்தடைகளை அந்த முனையிலிருந்து ஊட்டினால் இது தீரும். இரண்டும் சேர்ந்து திறக்கப் பார்த்தால் பேஸ் மின்னோட்டமே கிடைக்காது.

என் ஆறாவது கருவியில் பலகையை முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் வைத்துக் கழுவிக் காயவைத்தேன். எழுந்தது, ஆனால் தொடராக 47 கிலோஓம் சேர்த்ததும் மறுபடி நின்றுவிட்டது. மீதி ஐந்தையும் நண்பரிடமிருந்து திரும்ப வாங்கி அதே சோதனையைச் செய்தேன். ஒன்றுகூட ஐந்து மடங்கைத் தொடவில்லை. ஐந்தும் இன்னும் விழாமல் இருந்தன, அவ்வளவுதான். ஆறிலும் 6 பிகோஃபாரட் கிரிஸ்டலும் அதற்கேற்ற சிறிய மின்தேக்கிகளும் மாற்றினேன். அதன் பிறகு 330 கிலோஓம் தொடராகப் போட்டும் ஆறும் எழுந்தன.